அரக்குத் தட்டில் ஆறு தந்திகள் – 5: இரண்டு விரல்கள், நான்கு பாடல்கள்

1928 ஜூன் மாதம் பாரிஸில் பதிவான சில இசைத்தட்டுகளின் லேபிளில் 'ஜியாங்கோ ரெனார்' என்றொரு பெயர் அச்சாகியிருக்கிறது. ஐடியல் என்ற சிறிய கம்பெனி வெளியிட்ட தட்டுகள் அவை. முன்னால் ழான் வெசாட்டின் அக்கார்டியன் முழங்குகிறது. அதற்குப் பின்னால், சலிக்காமல் தாளம் பிடித்தபடி ஒரு பான்ஜோ ஓடுகிறது.

பான்ஜோ வாசித்தவருக்கு அப்போது வயது 18. எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல அவரால் முடியாததால், கேட்டவர் காதில் விழுந்தது லேபிளில் ஏறிவிட்டது.

சரியான பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். ஐரோப்பிய ஜாஸ் கிதாரின் கதை எந்த வழியாகப் போனாலும் இவரிடம் வந்துதான் சேரும்.

1925-இல் மின்சார ஒலிப்பதிவு வந்ததையும், அதுவரை குழலுக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்த கிதாரின் மெல்லிய குரலை மைக் பிடித்துக்கொடுத்ததையும், நியூயார்க்கில் எடி லாங்கும் ஜோ வெனுட்டியும் கிதாரையும் வயலினையும் ஜோடி சேர்த்ததையும் முந்தைய பகுதிகள் சொல்லின. இந்தப் பகுதி 1928-க்கும் 1934-க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளைப் பற்றியது. ஐரோப்பாவுக்கென்று ஒரு ஜாஸ் கிதார் உருவானது இந்த ஆறு ஆண்டுகளில்தான்.

ஆட்டக்கூடத்துப் பாடம்

ஜாங்கோ 1910 ஜனவரி 23 அன்று பெல்ஜியத்தின் லிபெர்ஷி கிராமத்தருகே, ஒரு கூண்டு வண்டியில் பிறந்தார். ரோமா மக்களில் மனூஷ் பிரிவைச் சேர்ந்த நாடோடிக் குடும்பம். சில ஆண்டுகளில் குடும்பம் பாரிஸ் நகரின் பழைய கோட்டை மதிலுக்கு வெளியே, வண்டிகளும் குடிசைகளும் நெருங்கிக் கிடந்த வெற்று நிலத்தில் வந்து தங்கியது. 12 வயதில் கையில் கிடைத்த பான்ஜோ-கிதாரை அவர் யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. பெரியவர்களின் விரல்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டார்.

வேலை கிடைத்த இடம் மியூசெட் ஆட்டக்கூடங்கள். உழைப்பாளிகளும் ஊர்சுற்றிகளும் வால்ட்ஸ் ஆடிய இடங்கள் அவை. அக்கார்டியன்தான் அங்கே ராஜா. மைக் கிடையாது. காலடிச் சத்தத்தையும் கண்ணாடிக் கோப்பைகளின் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டுமானால் தந்தியை ஓங்கி அடித்தாக வேண்டும்.

அந்தக் கூடங்களில் வாசித்த மனூஷ் கலைஞர்களிடம் இதற்கென்றே ஒரு கைமுறை இருந்தது. வலது மணிக்கட்டு கருவியின் மேல் படியாமல் தூக்கி நிற்கும். பிக் ஒரு தந்தியை அடித்துவிட்டு அடுத்த தந்தியின் மேல் சாய்ந்து நிற்கும். ஒரு தந்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் அடி கீழ்நோக்கியே விழும். சுரம் உருண்டையாக, வலுவாக, விளிம்பு தெளிந்து வெளிவரும். பிற்காலத்து ஜாங்கோ தட்டுகளில் முதலில் காதைப் பிடித்து நிறுத்துவது இந்தத் தெளிவுதான். அதன் வேர் அமெரிக்காவில் இல்லை; பாரிஸின் ஆட்டக்கூடங்களில் இருக்கிறது.

அமெரிக்க இசையும் அதே நகரில்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. பிகால் சதுக்கத்து உணவகம் ஒன்றில் பில்லி ஆர்னால்டின் அமெரிக்கக் குழு வாசிப்பதைச் சிறுவன் ஜாங்கோ வாசலில் நின்றே கேட்டான். 1928 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆர்க்கெஸ்ட்ரா தலைவர் ஜாக் ஹில்டன் பாரிஸுக்கு வந்து, ஜாங்கோவின் வாசிப்பைக் கேட்டு, தன் குழுவில் சேர அழைத்தார்.

ஜாங்கோவால் போக முடியவில்லை.

தீ

ஹில்டனின் அழைப்பு வந்த சில நாட்களில், நள்ளிரவு தாண்டி வாசிப்பு முடிந்து ஜாங்கோ தன் வண்டிக்குத் திரும்பினார். வண்டிக்குள் அவருடைய இளம் மனைவி பெல்லா விற்பனைக்காகச் செய்து அடுக்கிய செயற்கைப் பூக்கள் நிறைந்திருந்தன. அவை செல்லுலாயிடில் செய்தவை. மெழுகுவர்த்தி சாய்ந்தது. செல்லுலாயிட் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். சில நொடிகளில் வண்டி முழுக்கத் தீ பரவியது.

பெல்லா தப்பினார். ஜாங்கோ ஒரு போர்வையை இடது கையால் இறுகப் பிடித்து உடம்பைச் சுற்றிக்கொண்டு நெருப்பினூடே வெளியே வந்தார். வலது கால் கருகியிருந்தது. போர்வையைப் பிடித்திருந்த கையும் வெந்திருந்தது.

காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அவர் சம்மதிக்கவில்லை. சிகிச்சை ஏறத்தாழ 18 மாதங்கள் நீண்டது. கால் பிழைத்தது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கி விறைத்துப்போயின.

கிதாரில் சுரங்களைப் பிடிப்பது இடது கை. நான்கு விரல்கள் செய்யும் வேலையை இரண்டு விரல்கள் செய்ய வேண்டிவந்தது. தம்பி ஜோசஃப் கொண்டுவந்து கொடுத்த கிதாரில், மருத்துவமனைக் கட்டிலிலேயே அவர் பயிற்சியைத் தொடங்கினார்.

அவர் கண்ட வழியை நுணுகிப் பார்ப்பது நல்லது. நான்கு விரல்கள் உள்ளவர் கையை ஓரிடத்தில் நிறுத்தி, குறுக்காகத் தந்திகளைத் தாண்டி சுரங்களை எடுப்பார். ஜாங்கோ நெடுக்காக ஓடினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கழுத்தின் மேலும் கீழும் வழுக்கிப் பாய்ந்தன. கார்டுகளுக்கு மடங்கிய விரல்களை மேலிரண்டு தந்திகளின் மேல் சாய்த்துக்கொண்டார். கட்டைவிரல் கழுத்தைச் சுற்றி வந்து கீழ்ஸ்தாயித் தந்திகளைப் பிடித்தது. 1930-களின் இறுதியில் எடுக்கப்பட்ட ஒரு குறும்படத்தில் இந்தக் கையை நெருக்கத்தில் பார்க்கலாம். இரண்டு விரல்களின் வேகம் கண்ணுக்கு அகப்படுவதில்லை.

இந்தத் தீவிபத்தையே ஜாங்கோ பாணியின் பிறப்பாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. நெருப்பு இடது கையைத்தான் மாற்றியது. வலது கை ஆட்டக்கூடத்தில் பழகிய கையாகவே இருந்தது. முழு இடது கையோடு அவர் வாசித்ததற்குச் சாட்சியாக இருப்பவை 1928-ஆம் ஆண்டின் அந்தச் சில தட்டுகள் மட்டுமே. அவற்றிலும் அவர் அக்கார்டியனுக்குப் பக்கவாத்தியம். ஆனாலும் அடியின் கூர்மையும் தாளத்தை முன்னே தள்ளும் துடிப்பும் அங்கேயே கேட்கின்றன. கீறல் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு அவற்றைக் கேட்பவருக்கு இந்த உண்மை பிடிபட்டுவிடும்.

தூலோனில் ஒரு கிராமஃபோன்

1931. சிகிச்சை முடிந்து, ஜாங்கோவும் ஜோசஃபும் பிரான்சின் தென்கரையில் காபிக்கடைகளில் வாசித்துக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். துறைமுக நகரான தூலோனில் எமில் சவித்ரி என்ற ஓவியரின் காதில் அந்த வாசிப்பு விழுந்தது. பின்னாளில் புகைப்படக் கலைஞராகப் பேர் வாங்கியவர் அவர். சகோதரர்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கிராமஃபோனும், அமெரிக்காவிலிருந்து வந்த தட்டுகளும் இருந்தன.

ட்யூக் எலிங்டன். ஜோ வெனுட்டியும் எடி லாங்கும். லூயி ஆம்ஸ்ட்ராங்.

ஆம்ஸ்ட்ராங்கின் 'இந்தியன் க்ரேடில் சாங்' ஒலித்தபோது ஜாங்கோ தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார் என்று நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அந்த வீட்டில் கைமாறிய பாடம் இன்னதென்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜாங்கோவுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. அவருக்குப் பாடம் எதுவானாலும் அது காது வழியாகத்தான் வர வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கோ அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்தார். அந்தத் தூரத்தைத் தட்டு இல்லாமல் ஆக்கியது. நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தால் அதே எக்காளம் அதே இடத்தில் அதே சுரத்தை மறுபடி எடுக்கும். எந்தக் குருவும் தன் மனோதர்மத்தை அச்சுப் பிசகாமல் இப்படித் திரும்பத் திரும்பப் பாடிக்காட்ட முடியாது.

ஐரோப்பாவின் முதல் ஜாஸ் தலைமுறைக்கு ஆசான் இந்தத் தட்டுதான். அதன் மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டுக் கல்கத்தா வழியாகக் கப்பலேறியது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

ஜாங்கோ கேட்ட தட்டுகளில் கிதார் வாசித்தவர் எடி லாங். ஆனால் அவரை அதிகம் உலுக்கியது ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளம். இந்தத் தேர்வு முக்கியமானது. லாங் அளந்து வாசிப்பவர். வயலினுக்கு இடம் விட்டுப் பின்னால் நிற்பவர். ஜாங்கோவுக்கு எக்காளத்தைப் போல முன்னால் வந்து நின்று பாட வேண்டியிருந்தது. கிதாரைப் பக்கவாத்தியத்திலிருந்து எடுத்து நடுமேடையில் நிறுத்தும் எண்ணம் தூலோனில்தான் வேர்பிடித்தது என்று கருத இடமிருக்கிறது.

1933 மார்ச்சில் எடி லாங் தொண்டைச் சதை அறுவைச் சிகிச்சையின்போது இறந்துபோனார். வயது 30. ஜாஸ் கிதாரின் முதல் ஆசான் மறைந்த அந்த நாளில், அவர் இடத்தை நிரப்பப்போகிறவரின் பெயர் அமெரிக்காவில் அநேகமாக யாருக்கும் தெரியாது.

கருவி

அதற்குச் சற்று முன் பாரிஸில் ஒரு புதுக் கருவி விற்பனைக்கு வந்திருந்தது. சாக்ஸபோனுக்குப் பேர்போன செல்மர் கம்பெனிக்காக இத்தாலியக் கிதார் கலைஞர் மரியோ மக்காஃபெரி வடிவமைத்த கிதார் அது. 1932-இல் தயாரிப்பு தொடங்கியது. வழக்கமான வட்டத் துளைக்குப் பதிலாக ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற அகன்ற வாய். உச்சஸ்தாயிக்கு விரல் எட்டுவதற்காகத் தோள்பட்டையில் ஒரு வெட்டு. இரும்புத் தந்திகள். முதல் கருவிகளில் பெட்டிக்குள் இன்னொரு சிறு மரப்பெட்டியும் இருந்தது.

மக்காஃபெரி 1933-இலேயே செல்மரை விட்டு விலகினார். நீச்சல்குளத்தில் நேர்ந்த விபத்தில் வலது கை காயப்பட்டு அவருடைய கச்சேரி வாழ்க்கையும் முடிந்தது. செல்மர் 1952 வரை ஆயிரத்தையொட்டிய எண்ணிக்கையில்தான் இவ்வகைக் கிதார்களைச் செய்தது. ஆனால் அந்தக் குரல் ஜாங்கோவின் தட்டுகளில் நிலைத்துவிட்டது: சற்றே மூக்கடைத்த, நறுக்கென்ற, வயலினுக்குப் பக்கத்தில் நின்றாலும் மங்காத குரல்.

ஒரு தந்தி அறுந்தது

1934 கோடை. பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் உள்ள கிளாரிட்ஜ் ஹோட்டலில் தினமும் தேநீர் நடனம். லூயி வோலா என்பவரின் ஆர்க்கெஸ்ட்ரா அதற்கு வாசித்தது. அதில் ஜாங்கோ கிதார். ஸ்டெஃபான் கிராப்பெல்லி வயலின்.

கிராப்பெல்லி 1908-இல் பாரிஸில் பிறந்தவர், தந்தை இத்தாலியர். ஊமைப்பட அரங்குகளில் திரைக்கு முன் உட்கார்ந்து வாசித்துத் தேறியவர். ஜாங்கோவுக்கு நேர் எதிர்க் குணம். நேரத்துக்கு வருவார், குறிப்பைப் படிப்பார், உடையில் ஒரு மடிப்புக் கலையாது.

ஒருநாள் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓய்வு. மேடையில் டாங்கோ குழு. கிராப்பெல்லியின் வயலினில் ஒரு தந்தி அறுந்திருந்தது. திரைக்குப் பின்னால் புதுத் தந்தியை மாட்டிச் சுருதி சேர்த்தபடி ஏதோ ஒரு மெட்டை மெல்ல இழுத்தார். அருகில் இருந்த ஜாங்கோ கிதாரில் அதைத் தொட்டுக்கொண்டார். ஒரு மெட்டு இன்னொன்றானது. மறுநாளும் வாசித்தார்கள். ரொஜே ஷாப்யூ இரண்டாவது கிதாரோடு சேர்ந்தார். வோலா தன் டபுள் பாஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜாங்கோவுக்கு ஒரு குறை தோன்றியது. கிராப்பெல்லி வாசிக்கும்போது பின்னால் இரண்டு கிதார்கள் துணை. தான் தனியாக வாசிக்கும்போது ஒன்றுதான். தம்பி ஜோசஃபை அழைத்து அந்தக் குறையைத் தீர்த்தார்.

அப்படி ஐவர் ஆனார்கள். மூன்று கிதார், ஒரு வயலின், ஒரு டபுள் பாஸ். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, ஊதும் கருவி ஒன்றுகூட இல்லை. அமெரிக்க ஜாஸ் குழுவின் அடையாளங்களாகக் கருதப்பட்ட எல்லாமே இங்கே விடுபட்டிருந்தன. யாரும் திட்டமிட்டு வகுத்த அமைப்பு அல்ல அது. இடைவேளைப் பொழுதுகளில் தானாகக் கூடி வந்தது.

தட்டு சேர்த்தவர்கள்

இந்த ஐவரும் திரைக்குப் பின்னாலேயே வாசித்து ஓய்ந்திருக்கக்கூடும். தடுத்தவர்கள் சில இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் கருவி வாசிப்பவர்கள் அல்ல, இசைத்தட்டு சேர்ப்பவர்கள்.

1932-இல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஹாட் கிளப் த ஃப்ரான்ஸ் அவர்களுடைய சங்கம். விமர்சகர் யூக் பனாசியே அதன் முகம். பியேர் நூரி அதன் கால். புகழ்பெற்ற ஓவியத் தம்பதியான ரொபேர், சோனியா தெலோனேயின் மகன் ஷார்ல் தெலோனே அதன் நினைவு என்றே சொல்லலாம். எந்தத் தட்டில் யார் எந்தக் கருவி வாசித்தார், எங்கே, எந்த நாளில் என்று விசாரித்து விசாரித்துக் குறித்துவைத்தவர் தெலோனே. அந்தக் குறிப்புகள் 1936-இல் 'ஹாட் டிஸ்கோகிராஃபி' என்ற நூலாயின. ஜாஸ் தட்டுகளுக்கு முறையான அட்டவணை போடும் கலையே அதிலிருந்துதான் வளர்ந்தது. கம்பெனிகள் லேபிளில் குழுத் தலைவரின் பெயரோடு நிறுத்திக்கொண்ட காலத்தில், பின்வரிசையில் கார்டு பிடித்தவரின் பெயருக்காகவும் அலைந்தவர் அவர். பழைய தட்டுகளின் வழியே இந்த வரலாற்றைத் தேடிப் போகும் எவரும் இன்றும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

நூரி தன் முயற்சியில் ஜாங்கோவின் வாசிப்பைத் தட்டில் பதியவைத்து மற்ற ஆர்வலர்களுக்குக் கேட்கக் கொடுத்தார். பிறகு ஐவரையும் ஓடியோன் கம்பெனிக்குச் சோதனைப் பதிவுக்கு அழைத்துப் போனார்கள். ஓடியோன் கேட்டது, யோசித்தது, வேண்டாம் என்றது. இசை அளவுக்கு மீறி நவீனமாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கம்பெனியின் கணக்கைப் புரிந்துகொள்ள முடிகிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் தட்டு விற்பனை எங்கும் சரிந்திருந்தது. பாடகர் பெயருக்கு விற்கும், நடனத்துக்கு விற்கும். டிரம்ஸ்கூட இல்லாத தந்திக் குழுவை எந்த அலமாரியில் வைப்பது?

1934 டிசம்பர் 2 அன்று ஏகோல் நொர்மால் த மியூசிக் என்ற இசைப்பள்ளியின் அரங்கில் ஹாட் கிளப் ஒரு கச்சேரி வைத்தது. ஐவரின் முதல் பொது மேடை அது. வந்தவர்கள் விட்டுப் போக மனமில்லாமல் கேட்டார்கள். அந்த வரவேற்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினார்கள். சின்னக் கம்பெனியான அல்ட்ராஃபோன் சம்மதித்தது.

டிசம்பர் கடைசி வாரம்

அன்றைய ஒலிப்பதிவில் வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. சுழலும் மெழுகுத் தட்டில் ஊசி கோடு இழுத்துக்கொண்டே போகும். கடைசிச் சுற்றில் ஒருவர் தவறினாலும் மெழுகு வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும். மைக் ஒன்றுதான் என்பதால் யார் குரல் பெரிதாகக் கேட்க வேண்டும் என்பதை அவரவர் நிற்கும் தூரம் தீர்மானிக்கும். கற்பனை பொங்கும்போதெல்லாம் நீட்டி வாசித்துப் பழகியவர்கள், மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும்.

நான்கு பாடல்கள் பதிவாயின: 'டைனா', 'டைகர் ராக்', 'ஓ லேடி பி குட்', 'ஐ சா ஸ்டார்ஸ்'. நான்கும் அமெரிக்கப் பாடல்கள். 'டைகர் ராக்' 1917-லேயே தட்டில் ஏறியது. 'லேடி பி குட்' கெர்ஷ்வினின் 1924-ஆம் ஆண்டு மெட்டு. கேட்டுப் பழகிய பாட்டுகள் என்பதால்தான் வித்தியாசம் அப்படிப் பளிச்சிட்டது.

'டைனா'வைக் கேட்டால் அது புரியும். கிதார்தான் தொடங்கி வைக்கிறது. மெட்டை அப்படியே வாசிக்காமல், அதன் சாயலை மட்டும் காட்டிவிட்டு ஜாங்கோ தன் வழியில் போகிறார். சொற்றொடர்களுக்கு நடுவே மூச்சுவிடுவதுபோல் இடைவெளி. ஊதும் கருவிக்காரர் எடுக்கும் இடைவெளி அது. திடீரென்று அரைச் சுரங்களாக அடுக்கி ஒரே பாய்ச்சலில் கழுத்து முழுக்க ஓடும் வரிசை ஒன்று வரும். நெடுக்காக ஓடிப் பழகிய இரண்டு விரல்களுக்கு அது இயல்பான பாதை. பிறகு வயலின் நுழைகிறது, வெளிச்சமாக, சிரமமே தெரியாமல்.

இருவருக்கும் அடியில் ஷாப்யூவும் ஜோசஃபும் பிடிக்கும் தாளத்தைப் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். பிரெஞ்சில் 'லா போம்ப்' என்று பெயர் பெற்ற அடி அது. முதல் தட்டும் மூன்றாவது தட்டும் கீழ்த்தந்திகளில் மெல்ல விழும். இரண்டாவதும் நான்காவதும் எல்லாத் தந்திகளிலும் நறுக்கென்று விழுந்து, இடது கைப் பிடி தளர்ந்ததும் உடனே அணையும். டிரம்ஸ் இல்லாத குறையே தெரியாததற்குக் காரணம் இந்த அடிதான். ஆட்டக்கூடத்துத் தாளத்தையும் அமெரிக்க ஸ்விங்கையும் ஒரே கையில் சேர்த்த அந்த இரு பக்கவாத்தியக்காரர்களுக்கு உரிய இடத்தை வரலாறு இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை.

எடி லாங் தட்டில் கிதார் வயலினுக்குத் துணை நின்றது. 'டைனா'வில் கிதார் வயலினை அழைத்துவருகிறது. இரண்டுக்கும் இடையில் எட்டே ஆண்டுகள்.

அடுத்த மேடை

தட்டு கடைக்கு வந்தது. அமெரிக்கத் தட்டுகளைக் கேட்டுக் கற்ற ஒருவரின் தட்டு இப்போது மற்றவர்கள் கேட்டுக் கற்கும் தட்டானது.

அதே குளிர்காலத்தில் பெரிய பெயர் ஒன்று பாரிஸுக்கு வந்துகொண்டிருந்தது. ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் பத்தாண்டுகளுக்கு மேல் வாசித்து, டெனர் சாக்ஸபோனுக்கே மொழி வகுத்துக் கொடுத்த கோல்மன் ஹாக்கின்ஸ் 1934-இல் அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்கு வந்திருந்தார். 1935 பிப்ரவரியில் பாரிஸின் பெரிய கச்சேரி அரங்கான சால் ப்ளேயெலில் அவர் நிகழ்ச்சி. அதே மேடையில் ஹாட் கிளப்பின் ஐவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

ஸ்டுடியோவில் ஒரு மைக் ஐவரின் குரலையும் சமன்செய்து கொடுத்தது. மூன்று நிமிட அளவு அவர்களைக் கட்டுக்குள் வைத்தது. இரண்டாயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கில், சாக்ஸபோனின் முழுக் குரலைக் கேட்க வந்தவர்களின் முன், மூன்று கிதார்களும் ஒரு வயலினும் எடுபடுமா? அமெரிக்காவிலிருந்து நேரில் வந்து நின்ற ஆசான், தட்டிலிருந்து கற்ற இந்த மாணவரின் வாசிப்பை ஜாஸ் என்று ஒப்புக்கொள்வாரா?

(தொடரும்)